வலை மீனா, வளர்ப்பு மீனா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இறால் பண்ணை பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன், அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுடையவை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு வளர்ப்பு மீன், வளர்ப்பு இறால், வளர்ப்புப் பாசி மட்டும். நான் பாம்பன் பக்கம் நாட்டுப்படகு வீட்டில் பிறந்து, அப்புறம் பதினோரு வருஷம் இறால் குட்டைகளில் வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

"மார்க்கெட்டில் வருகிற இறால் முக்கால்வாசி பண்ணை இறால்தான் என்கிறார்கள். ஊசி போட்டுப் பெருக்க வைக்கிறார்கள் என்று எங்கள் மாமி அதை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" (கீழக்கரை வாசகி)

கொடுக்கலாம் தங்கச்சி. முதலில் அந்த ஊசியைப் பேசிவிடுவோம். ஒரு ஏக்கர் குட்டையில் ஒன்றரை லட்சம் குஞ்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், விடும்போது ஒவ்வொன்றும் கண் இமை மயிர் அளவுதான் இருக்கும். அதைப் பிடித்து எவர் ஊசி போடுவது? பண்ணைகளில் இப்போது பெரும்பாலும் வளர்க்கிற வனாமி இறால் மூன்று நாலு மாதத்தில் பிடிப்புக்கு வருவதற்குக் காரணம் வேறு. அது மெக்சிகோ முதல் பெரு வரை பசிபிக் கரையில் இருக்கிற இனம், வேகமாக வளர்கிற தாய் தகப்பனாகப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தது. 2009இல் நம் நாட்டில் வளர்க்க அனுமதி கிடைத்தது. நோயில்லாத தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, சென்னை நீலாங்கரையில் தனியாக அடைத்து வைத்துச் சோதித்த பிறகுதான் குஞ்சு பொரிப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். இனம் நல்லது, தீவனம் சரியான அளவு, ராத்திரியில் மூச்சு முட்டாமல் இருக்க ஏரேட்டர், வளர்ச்சி இதில்தான் இருக்கிறது.

ஊசி என்ற பேச்சு முழுப் பொய்யும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மீன் பொரிப்பகத்தில் முட்டையிட வைப்பதற்காகத் தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுவது உண்டு. இறால் பொரிப்பகத்தில் தாய் இறாலின் ஒரு கண்தண்டை நசுக்கி எடுத்துவிடுவார்கள், அப்போதுதான் முட்டை சீக்கிரம் முதிரும். எனக்கு அதைப் பார்க்கவே பிடித்ததில்லை. ஆனால் இரண்டுமே தாய்க்கு நடப்பவை, தட்டில் வந்து விழுகிற இறாலுக்கு நடப்பவை இல்லை.

மாமி பயப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் மருந்துக்குத்தான். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவற்றை மீன் வளர்ப்பில் பயன்படுத்தவே கூடாது என்று தடை இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கில் துளி அகப்பட்டாலும் பெட்டியோடு திரும்பி வரும், அந்தப் பயத்தில் ஏற்றுமதிக்காரர்கள் பிடிப்புக்கு முன்னாலேயே சோதித்துவிடுகிறார்கள். நம் ஊர் மார்க்கெட் கூடைக்கு அந்தக் கவனிப்பு இல்லை என்பதுதான் என் மனக்குறை. நான் வேலை பார்த்த ஒரு குட்டையில் வெண்புள்ளி நோய் வந்தபோது தீவனம் கொண்டுவருகிற ஆள் "வைட்டமின்" என்று சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். லேபிளே இல்லை. மூன்று நாள் தீவனத்தில் கலந்து போட்டோம், நாலாம் நாள் இறால் கரையோரமாகச் செத்து ஒதுங்க ஆரம்பித்தது. வெண்புள்ளி வைரஸால் வருவது, வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இறாலுக்கு வருகிற வெண்புள்ளி மனிதனைத் தொற்றாது, அதில் பயம் வேண்டாம்.

வாங்கும்போது பாருங்கள்: கூடையில் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் பெரும்பாலும் பண்ணைச் சரக்கு, ஏனென்றால் ஒரே நாளில் விட்டு ஒரே நாளில் பிடித்தது. வலையில் பட்டது சின்னதும் பெரியதும் கலந்து கிடக்கும். வனாமி வெளிறிப்போய்க் கண்ணாடி மாதிரி இருக்கும், வரி இறால் கறுப்பாகப் பட்டை பட்டையாக இருக்கும். எதுவானாலும் தலை ஆடிக்கொண்டிருந்தாலோ, மூக்கில் காரம் ஏறுகிற மாதிரி அமோனியா வாடை அடித்தாலோ தொட வேண்டாம். பிள்ளைகளில் யாருக்காவது இறால் சாப்பிட்டால் தடிப்பு வரும் என்றால் கடல் இறாலும் ஒன்றுதான், பண்ணை இறாலும் ஒன்றுதான், இரண்டிலும் அந்தப் புரதம் இருக்கிறது.

"வளர்ப்பு மீன் வந்துவிட்டால் கடலில் மீன் பிடிப்பது குறைந்து, கடல் தேறிவிடும் என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். சரியா?" (பரமக்குடி, கல்லூரி மாணவர்)

எதை வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது தம்பி. பாசி, கல்லுமேல் ஒட்டுகிற சிப்பி, இவற்றுக்குத் தீவனமே வேண்டாம், கடல் தண்ணீரில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். கொடுவாவும் கடல் விராலும் அப்படி இல்லை, அவை மீன் தின்கிற மீன்.

ராமேசுவரம் கரையில் சங்காயம் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். விசைப்படகு மடியில் வருகிற பொடி மீன், பெரிய மீனின் குஞ்சு எல்லாம் சேர்த்துக் காய வைத்துக் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகிறது. நாலைந்து கிலோ பச்சை மீன் போட்டால் ஒரு கிலோ மீன்தூள். அதே பொடி மீனை வெட்டி நேராகக் கூண்டு மீனுக்குப் போட்டாலும், ஒரு கிலோ மீன் வளர நாலு கிலோவுக்கு மேல் தின்றுவிடும். அந்தக் குஞ்சுகளை விட்டிருந்தால் அடுத்த வருஷம் நம் வலையில் விழுந்திருக்கும், அதனால் அப்படிச் செய்கிற வளர்ப்பு கடலைத் தேற்றாது. உருண்டைத் தீவனம் கொஞ்சம் பரவாயில்லை. வனாமிக்கு ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ தீவனம் ஆகும், அதிலும் மீன்தூள் ஒரு பங்குதான், மிச்சம் சோயாவும் கோதுமையும். உங்கள் ஆசிரியரிடம் "அந்த மீன் என்ன தின்கிறது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், நல்ல வகுப்பு ஒன்று கிடைக்கும்.

"எங்கள் ஊருணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இறால் குட்டை வெட்டினார்கள். மூன்று வருஷத்தில் தண்ணீர் கரிக்கிறது. பண்ணைக்காரர் மழை இல்லாததால்தான் என்கிறார். என்ன செய்வது?" (தொண்டிப் பக்கத்துக் கிராமம், பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நம் மாவட்டத்தில் ஊருணித் தண்ணீர் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கண்மாய் வற்றினாலும் ஊருணி வற்றாமல் பார்த்துக்கொண்ட ஊர்கள் நம்முடையவை. குட்டையில் மாதக்கணக்கில் உப்புத் தண்ணீர் நிற்கும்போது அது அடியில் இறங்கும், பக்கவாட்டிலும் கசியும். மணல் பாங்கான இடமென்றால் சீக்கிரம். மழை இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் வேலையாக ஊருணித் தண்ணீர், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர், தள்ளி இருக்கிற இன்னொரு கிணற்றுத் தண்ணீர் மூன்றையும் பாட்டிலில் பிடித்து உப்பு எவ்வளவு என்று சோதித்துத் தேதி போட்டு வையுங்கள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை. குட்டைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டே போய், தள்ளி இருக்கிற கிணற்றில் ஏறாமல் இருந்தால் பேச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1994இல் இறால் பண்ணைகளுக்கு எதிரான வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் அப்போதைய ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர்தான். தஞ்சை, நாகைப் பக்கத்தில் விளைநிலமெல்லாம் உப்புக் குட்டையாக மாறியதைப் பார்த்துவிட்டு அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் கிராமம் கிராமமாகப் போராடினார்கள். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை தவிர வேறு இறால் குட்டை கூடாது, இருப்பதை இடிக்க வேண்டும். ஆனால் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தபோது அந்தத் தடை தளர்ந்துவிட்டது. தொழிலுக்கு ஒரு ஒழுங்கு வந்தது நல்லதுதான், தீர்ப்பின் வலு குறைந்ததில் எனக்கு வருத்தம்தான்.

அந்தச் சட்டத்தோடு வந்த நெறிமுறைகளில் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. குடிதண்ணீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளித்தான் பண்ணை இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் இருக்கிற ஊரென்றால் 300 மீட்டர், அதற்குக் குறைந்த ஊரென்றால் 100 மீட்டர். விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் குட்டையாக்கக் கூடாது. வெள்ளம் வடிகிற ஓடையை மறிக்கக் கூடாது. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணையென்றால் கழிவு நீரைத் தேக்கிச் சுத்திகரிக்கக் குட்டை கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் பண்ணை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். கூப்பிடு தூரம் என்கிறீர்களே, அதை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பதிவு எண் என்ன என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், மனுவை ஊராட்சித் தீர்மானத்தோடு ஆட்சியரிடம் கொடுங்கள், ஆட்சியர் தலைமையில்தான் இதற்கான மாவட்டக் குழு இருக்கிறது. தனி ஆளாகப் போக வேண்டாம், ஊருணியில் குடம் வைக்கிற பெண்கள் பத்துப் பேர் கூட வரட்டும்.

"நான் மண்டபம் பக்கத்தில் பாசி வளர்க்கிறேன் அண்ணே. பவளத்தைக் கொல்கிற பாசி என்று பேப்பரில் போடுகிறார்கள். எங்களை மட்டும் ஏன் குறை சொல்கிறார்கள்?"

உங்களைக் குறை சொல்கிற மனசு எனக்கு இல்லை தங்கச்சி. முழங்கால் கிழிய மரிக்கொழுந்துப் பாசி எடுத்து, தீவுப் பக்கம் போனதற்காக வனத்துறையிடம் மாட்டி, அந்தப் பாட்டையெல்லாம் பட்ட பெண்கள்தான் பாதிப் பேர் மூங்கில் மிதவைக்கு வந்தீர்கள். 12 அடிக்கு 12 அடி மிதவை, கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டினால் 45 நாளில் அறுப்பு. பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. சாமான் பெரிதாக வேண்டாம், தீவனம் வேண்டாம், வேலை வீட்டுப் பக்கத்தில். இதைவிட நல்ல தொழில் நம் கரைப் பெண்களுக்கு எத்தனை வந்திருக்கிறது?

ஆனாலும் அந்தச் செய்தி பொய் இல்லை. நீங்கள் வளர்க்கிற கப்பாபைகஸ் பிலிப்பைன்ஸ் பக்கத்து இனம். 1990களில் மண்டபத்தில் சோதித்துப் பார்த்தார்கள், பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இறங்கியதால் கரையில் "பெப்சி பாசி" என்றே பெயர் விழுந்துவிட்டது. 2008இல் குருசடைத் தீவில் அது மிதவையை விட்டுத் தப்பிப் பவளத்தின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளத்துக்கு வெயில் வேண்டும், மூடினால் செத்துப்போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதனால்தான் 2005லேயே தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், இது கூடாது, பாக் விரிகுடாவின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும்தான் என்று அரசாணை போட்டார்கள். எல்லைக்குள் ஒழுங்காக வளர்க்கிற உங்கள் மேல் தப்பு இல்லை, ஆனால் வாடையில் அறுந்து போகிற ஒவ்வொரு துண்டும் எங்கேயோ ஒட்டும். மிதவைக்கு அடியில் வலை கட்டுங்கள், கரையில் ஒதுங்கினதைப் பொறுக்குங்கள், மிச்ச விதையைக் கடலிலேயே வீசாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2013 வாக்கில் தண்ணீர் சூடேறி மிதவை மிதவையாக அழுகிப் போனது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். எல்லாம் ஒரே செடியிலிருந்து ஒடித்து ஒடித்துக் கட்டியது, ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். நம் சொந்தக் கஞ்சிப்பாசியையும் ஒரு பக்கம் கட்டிப் பாருங்கள். வேகமாக வளராதுதான், ஆனால் அது நம் கடலிலேயே பிறந்தது, தப்பினாலும் கெடுதல் இல்லை. கீழக்கரையில் நோன்பு திறக்கக் காய்ச்சுகிற கடல்பாசி இனிப்புக்கு வேண்டிய அகர் அந்த வகைப் பாசியில்தான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் நம் மாவட்டத்திலேயே வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள், நல்ல விதை கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. விதை வேண்டும் என்று சங்கமாகப் போய்க் கேளுங்கள்.

"இலங்கையில் கடல் அட்டை வளர்த்துச் சம்பாதிக்கிறார்களே, நாம் ஏன் வளர்க்கக் கூடாது?" (தேவிபட்டினம்)

2001 முதல் எல்லாக் கடல் அட்டையும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கிற பாதுகாப்பு. வளர்த்ததா கடலில் எடுத்ததா என்று காய்ந்த அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் வளர்ப்புக்கும் தடையாக நிற்கிறது. மாற்ற வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் கேட்கின்றன. அது மாறுகிற வரைக்கும் யாராவது "ரகசியமாகச் செய்யலாம்" என்று வந்தால் கதவைச் சாத்துங்கள், ஜாமீன் கிடைப்பதே கஷ்டம்.

"குவைத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தேன் அண்ணே. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. கூண்டில் கடல் விரால் வளர்க்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இறங்கலாமா?" (பெரியபட்டினம்)

தம்பி, பணத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு வருஷம் கடலைப் போடுங்கள், அதாவது ஏற்கனவே கூண்டு வைத்திருக்கிறவர் பின்னால் பன்னிரண்டு மாதமும் போய்ப் பாருங்கள். தொழில் நம்மூரில் பிறந்ததுதான். மத்திய கடல் மீன் வள ஆராய்ச்சி நிலையத்துக்கே முன்பு மண்டபம்தான் தலைமையகம், அது கொச்சிக்குப் போனது 1971இல். கடல் விராலை இந்தியாவில் முதன்முதலாக முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது 2010இல் இதே மண்டபத்தில், அடுத்த வருஷம் பாம்பனோ. அதனால் குஞ்சுக்கும் ஆலோசனைக்கும் தூரம் போக வேண்டாம்.

கடல் விரால் ஒரு வருஷத்தில் மூன்று கிலோவைத் தாண்டும், அதுதான் எல்லோரையும் இழுக்கிறது. யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். வலைக் கண்ணில் கொட்டலசும் பாசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே ஓடாது, மீன் மூச்சுத் திணறும், வலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாடைக்காற்றில் வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல், எந்தக் கடலில் வைத்தாலும் நங்கூரத்துக்குச் சோதனைக் காலம் ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் பூங்கோரை என்கிற நுண்பாசிப் பெருக்கம் வந்து பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதே, அப்படி ஒரு நாள் வந்தால் கடல் மீன் கொஞ்சமாவது விலகி ஓடும், கூண்டு மீனுக்கு ஓட இடமில்லை. ராத்திரிக் காவலும் வேண்டும்.

சரி, இவ்வளவும் தெரிந்து இறங்குகிறீர்கள் என்றால், பிடிப்பு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடக்கிற 61 நாள் தடைக்காலத்தில் விழுகிற மாதிரிக் கணக்குப் போட்டுக் குஞ்சு விடுங்கள், விசைப்படகு நிற்கிற நேரத்தில் மார்க்கெட்டே உங்களைத் தேடி வரும். 2020இல் வந்த பிரதமர் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதம் மானியம் இருக்கிறது. உங்கள் வீட்டம்மா பெயரில் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள், பெயர் மட்டும் அவருடையதாக இருந்து கணக்கு உங்களிடம் இருப்பது வேண்டாம். முனைக்காட்டில் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவை கட்டிப் பார்த்திருக்கிறார்கள், மீன் கழிவு பாசிக்கு உரமாகி இரண்டு பக்கமும் விளைச்சல். உங்கள் ஊர்ப் பாசிக்காரப் பெண்களோடு பேசி அதைச் செய்ய முடிந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

முதலில் ஒரே ஒரு கூண்டு. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் ஒருவரோடு படகில் போய், அலையில் நின்று வலை மாற்றிப் பார்த்த பிறகு. போய்விட்டு வந்து எழுதுங்கள், மிச்சக் கணக்கை அப்போது சேர்ந்து போடலாம்.